நாயும் உடன் போனது

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது? அது உங்கள் குடும்பத்தோடு எப்படி ஒட்டிக்கொண்டது?

தோபித்து. திருவிவிலியத்தில் 14 அதிகாரங்கள் கொண்ட சிறிய நூல். கத்தோலிக்கர் அல்லாத நண்பர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். என் மனைவிக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபைக் குடும்பம். சிறுவயதிலிருந்து அவள் படித்த பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். எங்கள் வீட்டில் இருப்பதில் 73. கூடுதலான ஏழில் ஒன்று இது. எங்கள் திருமணத் திருப்பலியில் முதல் வாசகமே இதன் எட்டாம் அதிகாரம்தான்: மணநாள் இரவில் தோபித்தின் மகன் தோபியாவும் மணமகள் சாராவும் எழுந்து நின்று செய்யும் மன்றாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று மெல்லக் கேட்டாள். அடுத்த வாரமே முழு நூலையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டாள்.

கதை எளிமையானது. நினிவே நகரில் நாடு கடத்தப்பட்டு வாழும் தோபித்து, இறந்து கிடக்கும் தன் இனத்தாரை அடக்கம் செய்பவர். ஒரு நாள் அடக்கம் முடிந்து வந்து முற்றத்துச் சுவரோரம் படுத்திருக்கும்போது குருவியின் எச்சம் கண்ணில் விழுகிறது. கண்களில் வெண்படலம் படர்ந்து நான்கு ஆண்டுகள் பார்வையில்லாமல் போகிறது. மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்த வெள்ளியை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் இரபேல் என்ற சம்மனசு, அதாவது வானதூதர். அவர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மகனை அனுப்பும்போது தாய் அன்னா அழுகிற அழுகையை நான் மஸ்கட் புறப்பட்ட அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டேன். பணம் போனால் போகட்டும், கடவுள் கொடுத்ததைக் கொண்டு பிழைத்துக்கொள்ளலாம், பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று அன்னா கணவரிடம் கேட்கிறாள். "இருக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு இங்கேயே இருந்திருக்கலாமே" என்றாள் என் அம்மா. மகன் போன பிறகு அன்னா நாள்தோறும் வெளியே வந்து அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருப்பாள்; பொழுது சாய்ந்தபின் உள்ளே போய் இரவெல்லாம் அழுவாள். மஸ்கட்டில் அறைத்தோழர்கள் தூங்கிய பிறகு இந்தப் பகுதியைப் படித்தபோது என்னால் மேற்கொண்டு போக முடியவில்லை.

தோபியா புறப்படும்போது நூல் ஒரே ஒரு வரியில் சொல்கிறது: நாயும் அவர்களோடு போனது. திரும்பி வரும்போது இன்னொரு முறை: நாய் பின்னால் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பெயர் இல்லை, அது எதையும் செய்வதும் இல்லை. விவிலியத்தில் நாய் வருகிற இடங்கள் பெரும்பாலும் இழிவைக் காட்டத்தான் வரும். இங்கேயோ அது ஒரு வீட்டு நாய். சம்மனசோடு சேர்ந்து நடக்கிறது. புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த நாய் முன்னால் ஓடி வந்து, நல்ல செய்தி கொண்டுவந்ததைப் போல வாலை ஆட்டி மகிழ்கிறது. அந்த வாலாட்டல் எனக்கு மிகவும் வேண்டியதாக இருக்கிறது.

எங்கள் வீட்டு மணி சாதாரண நாட்டு நாய். மாலையில் செபமாலை தொடங்கினால் வாசற்படியில் வந்து படுத்துக்கொள்ளும். கடைசி மங்கள வார்த்தை செபம் முடியும்வரை எழுந்திருக்காது. ஆறு வருடம் கழித்து, செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்காக நான் எங்கள் ஊர் மணப்பாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது விடியவில்லை. தெருமுனையில் ஒரு நாய் குரைத்தது, நின்றது, காற்றை மோந்தது. பிறகு வீட்டுத் தகரக் கதவில் படபடவென்று வால் அடிபடும் சத்தம். அம்மா விழித்துக்கொண்டது அந்தச் சத்தத்தில்தான்.

அப்பாவுக்குக் கண்புரை முற்றியிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று என்னிடம் மறைத்துவிட்டிருக்கிறார். அந்த நாட்களில் வீட்டில் ஒரு சண்டை நடந்ததாகத் தங்கை சொன்னாள். அம்மா பனையோலைப் பெட்டி முடைவாள். ஒரு மாதம் வட்டி கட்ட வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பணம் வைத்திருந்ததும், "இவ்வளவு எங்கே கிடைத்தது? யாரிடம் கை நீட்டினாய்?" என்று அப்பா கத்தியிருக்கிறார். இரவில் உட்கார்ந்து முடைந்தேன் என்று அவள் சொன்னதை நம்பவில்லை.

தோபித்தில் இதே சண்டை இருக்கிறது. அன்னா கூலிக்கு நெசவு செய்கிறாள். கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். பார்வையற்ற கணவருக்கு அதன் கத்தல் கேட்கிறது. திருடியதா, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். உங்கள் தருமமெல்லாம் எங்கே போயிற்று என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். இரண்டு நல்லவர்கள் வறுமையில் ஒருவரையொருவர் இப்படிக் குத்திக்கொள்வதை ஒரு திருநூல் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறதே என்பதற்காகவே நான் இதை நேசிக்கிறேன். அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது என்று நூல் சொல்வதில்லை.

தோபித்துக்குப் பார்வை, மகன் பயண வழியில் பிடித்த மீனின் பித்தத்தால் திரும்புகிறது. என் பாட்டி மீன் அரியும்போது பித்தப்பையை உடையாமல் எடுத்து எறிவாள். உடைந்தால் குழம்பே கசந்துவிடும். எறிய வேண்டிய அதைத்தான் எடுத்து வைத்துக்கொள் என்கிறார் சம்மனசு. மகன் அதைத் தந்தையின் கண்ணில் தடவி, ஓரத்திலிருந்து வெண்படலத்தை இரு கைகளாலும் உரித்தெடுக்கிறான்.

அப்பாவுக்குத் திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்த மாலையில், பச்சைக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சொல்லியும் கழற்றினார். முதலில் வாசற்படியைப் பார்த்தார். "மணிக்கு முகமெல்லாம் நரைத்துவிட்டதே" என்றார். அம்மா காப்பி டம்ளரை நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓலை வார்ந்து வார்ந்து விரல் நுனிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், சில காய்ந்தவை, சில புதியவை. ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போனது.