அம்மாவோட மாத்திரை டப்பா

கேள்வி: அக்கா, எங்கம்மா தவறி 5 மாசம் ஆகுது, ஹார்ட் அட்டாக், ஒரே ராத்திரில முடிஞ்சு போச்சு. அப்பாவுக்கு 71 வயசு, ரிட்டயர்டு கண்டக்டர், கும்பகோணத்துல தனியா இருக்கார். ஞாயித்துக்கிழமை ராத்திரியானா அம்மாவோட சுகர் மாத்திரைய ஏழு கட்டம் வச்ச டப்பால பிரிச்சுப் போடுறது அவரோட வேலை. போன வாரம் போய்ப் பாத்தா இன்னமும் அதத்தான் செய்றார், வாரம் முடிஞ்சதும் அத்தனையும் ஒரு பாட்டில்ல கொட்டிட்டு புதுசா நிரப்புறார். தம்பி நெட்ல துக்கத்துக்கு அஞ்சு கட்டம், கடைசி கட்டம் நடந்தத ஏத்துக்கறதுன்னு படிச்சுட்டு, இந்நேரம் அப்பா ஏத்துக்கிட்டிருக்கணும்ங்கறான், அம்மா புடவையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு அப்பாவ சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிரலாமாம். அப்பாவுக்கு புத்தி ஏதும் பெசகிருச்சாக்கா?

- பேர் வேண்டாம், திருச்சி

பதில்: இல்லம்மா, பெசகல. அது கை பழகின வேலை. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எட்டு மாசம் நான் ரெண்டு பேருக்குத்தான் அரிசி களைஞ்சேன், ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு தெரியாமலா, ஆனா டம்ளர் கைக்கு வந்ததும் கை பாட்டுக்கு அளந்துரும், மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வச்சு காலைல அதையே சாப்டுட்டு வேலைக்குப் போவேன்.

தம்பிகிட்ட சொல்லுங்க, அந்த அஞ்சு கட்டத்த 1969-ல எழுதினவங்க எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கற டாக்டர், சாகக் கிடந்த நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது, பறிகொடுத்தவங்களுக்குப் போட்ட டைம்டேபிள் இல்ல. துக்கத்த ஒரு வியாதியா யோசிக்கவே உலக சுகாதார நிறுவனம் குறைஞ்சது 6 மாசம் ஆகட்டும்னுது, அமெரிக்க மனநல டாக்டருங்க 2022-ல 1 வருஷம்னு வச்சிருக்காங்க. அப்பாவுக்கு 5 மாசம்தானே ஆகுது!

நம்ம ஊர்ல 16 நாள் வீடு நெறைய ஆளு இருக்கும், காரியம் முடிஞ்சு பந்தலப் பிரிச்சதும் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, உண்மையான துக்கமே அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. பொம்பளைங்களுக்காவது ஒப்பாரி வச்சு கட்டிப்புடிச்சு அழ முடிஞ்சுது, ஆம்பளைங்க வாசல்ல பெஞ்சுல உக்காந்து வந்தவங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுட்டே இருந்திருப்பாங்க, உங்கப்பா ஒரு தடவையாவது அழுதாரான்னு யோசிச்சுப் பாருங்க. அதனால புடவைய இப்போதைக்குத் தொடாதீங்க, எப்ப எடுக்கணும்னு அவரே சொல்லட்டும். சென்னைக்குப் பத்து நாள் போய் இருந்துட்டு வரட்டும், ஆனா வீட்டப் பூட்டி சாவிய வாங்கிடாதீங்க.

எனக்கு இருக்குற பயம் வேற. அவர் தன்னோட மாத்திரைய போடுறாரா? பொண்டாட்டி போன முதல் சில மாசத்துல புருஷனுக்கு உடம்பு கெடுறது சகஜம், எடை குறைஞ்சிருக்கா, தூங்குறாரா, பிரஷர் எவ்வளவுன்னு பாருங்க. "நானும் அவ கூடயே போயிருக்கணும்"னு சொன்னா, ஏம்பா அப்படி சொல்றீங்க, செத்துப் போகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நெனப்பு வந்துருமோன்னு பயப்படாதீங்க, கேக்குறதால வராது. ஆமான்னாருன்னா அவரத் தனியா விடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுக்குள்ள 14416-க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கற கவர்மென்ட் மனநல உதவி நம்பர், ராப்பகலா எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அந்த பாட்டில மட்டும் வீட்ல விட்டு வைக்காதீங்க, இந்த வாரமே. சுகர் மாத்திரைய தெரியாம முழுங்கினாலும் ஆபத்து, அவர்கிட்ட சொல்லிட்டே எடுத்துட்டு வாங்க. டப்பா அங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பக்கத்துல உக்காந்து, அப்பா உங்க மாத்திரையவும் இதுலயே போடலாமான்னு கேட்டுப் பாருங்க, வேண்டாம்னாருன்னா வேற டப்பா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க.