திடீரென்று கிளம்பிய நீலப் புகை

கேள்வி: என்னிடம் இருப்பது 16 ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார்; 1,40,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. சென்ற மாதம் ஆயில் மாற்றும்வரை, இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில் ஆயில் ஊற்றும் தேவையே வந்ததில்லை. இப்போது 800 கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டர் குறைகிறது. சைலன்சரிலிருந்து நீலம் கலந்த புகை வருகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மெக்கானிக் புகையைப் பார்த்ததுமே, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேய்பவை. எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறியிருந்தாலோ ரிங் உடைந்திருந்தாலோ தவிர, நேற்றுவரை ஆயில் குடிக்காத எஞ்சின் ஒரே மாதத்தில் இந்த நிலைக்கு வருவது அரிது. அந்தத் திடீர் மாற்றத்துக்குத்தான் முதலில் காரணம் தேட வேண்டும்.

ஆயில் மாற்றியதை ஒட்டித் தொடங்கியதால், கையேட்டில் சொன்ன தரத்து ஆயில்தான் ஊற்றப்பட்டதா என்று பில்லைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கி, புகை வரச் செய்யும். ஆனால் உங்கள் காரில் ஒரு லிட்டர் குறைந்த பிறகும் புகை அடங்கவில்லை என்பதால், அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

என் சந்தேகம் பி.சி.வி. வால்வின் மீதுதான். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு (எஞ்சினுக்குள் காற்று போகும் வழிக்கு) அனுப்பும் சிறிய பாகம் இது. பல சர்வீஸ்களில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலோ, இன்டேக்கின் உறிஞ்சும் விசை ஆயில் படலத்தையும் சேர்த்து இழுத்துவிடும். அடைத்துக்கொண்டால், கிராங்க் சுழலும் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த வழியில் எல்லாம் வெளியேறப் பார்க்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். மூடி எடுக்க வராதபடி பலமாக உள்ளிழுக்கப்பட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம். புகை விட்டுவிட்டு வேகமாக வெளியே தள்ளினால் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கலாம் அல்லது ரிங் உண்மையிலேயே பலவீனமாக இருக்கலாம். இன்டேக் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

புகை எப்போது வருகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போதும், சிக்னலில் நெடுநேரம் நின்று புறப்படும்போதும் குபீரென்று வந்து மறைந்தால் அது பெரும்பாலும் வால்வ் சீல் (சிலிண்டர் வால்வின் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் பாகம்). மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். டர்போ உள்ள எஞ்சினானால் அதன் ஆயில் சீலையும் பார்த்தே ஆக வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் ரிங்தான் என்று மெக்கானிக் சொன்னால், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை) அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எந்தப் பிளக் ஆயிலில் நனைந்திருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கையில் அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு சிலிண்டர் வால்விலோ, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. ஆனால் சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் கார்பன் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதுவரை 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்த்து, கீழ்க்கோட்டுக்குக் குறையாமல் ஆயில் ஊற்றி வாருங்கள். எரியும் ஆயில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும் என்பதால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பி.சி.வி. வால்வை மாற்றிய பிறகும், இன்டேக்கிலும் சைலன்சரிலும் படிந்த ஆயில் எரிந்து தீரும்வரை சிறிது தூரம் புகை தொடரும்; அதைக் கண்டு எஞ்சினை இறக்கச் சொல்லிவிடாதீர்கள். கோளாறு வால்வ் சீல்தான் என்று தெரிந்தாலும், பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கியபடி, ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றிவிட முடியும்.