தெரிந்த தெருவைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம் ஐயா,

பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பகுதிக்குப் புதிய வரைவுத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. சாலையை அகலப்படுத்துவது, ஒரு பழைய கட்டடத்தை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளையும் கேட்கலாமே என்று ‘என் கனவு நகரம்’ என்று ஓர் ஓவியப் போட்டி வைத்தோம். பெரும்பாலும் பறக்கும் கார்களும் கண்ணாடிக் கோபுரங்களும்தான் வந்தன. “பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று கூட்டத்தில் பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நகரத் திட்டம், பாரம்பரியம் என்று பேசிப் பிள்ளைகளைச் சலிப்படைய வைக்கிறோமா?

ம.

அன்புள்ள ம.,

பறக்கும் கார் வரைந்தது பிள்ளைகளின் தவறில்லை. கனவு காணச் சொன்னால் யாராக இருந்தாலும் திரையில் பார்த்ததைத்தான் வரைவார்கள். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது அவர்கள் தினமும் நடக்கிற தெரு. அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒருமுறை ஏழெட்டுப் பிள்ளைகளோடு ஓர் ஆற்றுப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். ஆறு எங்கே பிறக்கிறது, பாலம் வருவதற்கு முன் மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பாதிப் பாலம் தாண்டியதும் ஒரு சிறுமி சட்டையைப் பிடித்து இழுத்து, “ஆறு எங்க இருக்கு?” என்றாள். கைப்பிடிச் சுவர் அவள் தலைக்கு மேலே நின்றது. அவளோடு குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் வண்டிகளின் சைலன்சர்கள், நேராக மூக்குக்கு எதிரே. எத்தனையோ வருடங்களாக நான் கடந்துவந்த பாலம் அது. சுவரில் நாலு இடத்தில் கம்பி வைத்திருந்தால் அவளுக்கு ஆறு தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் லீர் அறக்கட்டளை தன் நகரத் திட்டத்துக்கு ‘அர்பன் 95’ என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் நகரத்தில் எதை மாற்றுவீர்கள் என்பதுதான் அது நகரத் தலைவர்களிடம் கேட்கும் கேள்வி. “பிள்ளைக்கு என்ன தெரியும்” என்று சிரித்தவர்களிடம் நீங்களும் அதையே கேளுங்கள்.

அதே நாட்டில், ஆம்ஸ்டர்டாமின் டெ பைப் பகுதியில், 1972-இல் பிள்ளைகளே கிளம்பினார்கள். நெருக்கமான தெருக்கள், எங்கு பார்த்தாலும் கார்கள், விளையாட இடமில்லை. தெருவில் கார் வரக்கூடாது என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள், தெருவை மறித்தும் பார்த்தார்கள். கோபப்பட்ட பெரியவர்களும் உண்டு. அன்றைய தொலைக்காட்சிப் படத்தில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. பறக்கும் காரை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வீட்டு வாசலுக்கு முன்னால் கொஞ்சம் இடம்.

அப்புறம், சலிப்பு. பழைய கட்டடத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து ஆண்டையும் கட்டட பாணியையும் ஒப்பித்தால் நிச்சயம் சலிக்கும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் மட்டும் கீழே உட்கார்ந்து, கல்படியின் நடுவில் தேய்ந்திருந்த பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். “எத்தன பேர் மிதிச்சா கல்லு இப்படித் தேயும்?” என்றான். அவ்வளவுதான், எல்லாரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஒரு வருடத்துக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டார்கள். ஓரத்தில் ஏன் தேயவில்லை என்று யோசித்தார்கள். கடைசியில் அவனே, “இடிச்சுட்டா இந்தப் படிய என்ன செய்வாங்க?” என்றான்.

உங்கள் சங்கக் கூட்டம் பேச வேண்டிய கேள்வியும் அதுதானே. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, அதை யார் முடிவு செய்வது?

ஆனால் கேட்பது பாதி வேலைதான். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பகுதியில்தான் நாம் கோட்டை விடுகிறோம். பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது அந்தப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ்ப்படிகள் மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: நம் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குக் கேட்பது. வருத்தப்படாதீர்கள், உங்கள் ஓவியப் போட்டியும் அங்கேதான் நிற்கிறது.

நானும் அங்கே நின்றவன்தான். தெருக்களைப் பார்க்க நடத்திக் கூட்டிப்போனபோது பிள்ளைகள் எழுதிய குறிப்புகளை ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலே வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். அடுத்த முறை நடைக்கு வந்தபோது முதல் கேள்வியே, “போன தடவ சொன்னது என்ன ஆச்சு?” என் முகத்தைப் பார்த்தே பதிலைப் புரிந்துகொண்டார்கள். அன்றைக்கு ஒருவரும் எதையும் எழுதவில்லை. கொண்டுவந்த பென்சில்கள் பெட்டியிலேயே கிடந்தன. இப்போதெல்லாம் யார் பதில் சொல்வார்கள், எந்தத் தேதியில் சொல்வார்கள் என்று கேட்டு வாங்காமல் நான் எந்த நடையும் தொடங்குவதில்லை. பதில் ‘முடியாது’ என்று இருந்தாலும் சரி. ஏன் முடியாது என்று சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். சில சமயம் வேறு வழியும் சொல்கிறார்கள்.

உங்களிடம் வரைவுத் திட்டம் கையில் இருக்கிறது. அந்த வரைபடத்தையே பெரிதாக அச்செடுத்துத் தரையில் விரியுங்கள். அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். பயப்படும் இடம், நின்று பார்க்கும் இடம், சாலையைக் கடக்க ஓட வேண்டிய இடம், எல்லாவற்றையும் குறிக்கட்டும். பிறகு அதே வழியில் கூட நடந்து பாருங்கள். சிரித்த பெரியவர்களில் இரண்டு பேராவது கட்டாயம் வரட்டும்.

திட்டத்தின் மேல் கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன் அந்தப் பழைய கட்டடத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். அங்கே அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.