பிள்ளைக்கு மட்டும் தனி டயட் சார்ட் கிடையாது: கேள்வி பதில்

சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணி வரை இருப்பேன். நான் உணவியல் நிபுணர், டாக்டர் இல்லை. தைராய்டு மாத்திரை, எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்டால் உங்கள் டாக்டரிடம்தான் அனுப்புவேன். வீடும் தெருவும் நம் சாப்பாட்டை எப்படி முடிவு செய்கின்றன, எடை ஏன் ஏறுகிறது, இதுதான் இன்றைய விஷயம். கேளுங்கள்.

கோவை அம்மா: மேடம், பையனுக்கு 9 வயசு, 134 செ.மீ., 44 கிலோ. ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம், அழுறான். அவனுக்கு மட்டும் ஒரு டயட் சார்ட் போட்டுக் குடுங்க. நாங்க ரெண்டு பேரும் நார்மலாத்தான் சாப்பிடுறோம். மாமியார் கூட இருக்காங்க.

சார்ட் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

ஒன்பது வயதுப் பையன் மளிகைக் கடைக்குப் போய் எண்ணெய் வாங்குவதில்லை. பிஸ்கட் டப்பாவை நிரப்புவதும் அவன் இல்லை. அப்படியிருக்க, எல்லோரும் பூரி சாப்பிடும்போது அவன் தட்டில் மட்டும் ரெண்டு சப்பாத்தி வைத்தால் அவனுக்கு அது தண்டனை. பூரி மேல் ஆசை இரட்டிப்பாகும். இது என் ஊகம் இல்லை. ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளை வைத்து 1999-ல் சோதித்துப் பார்த்தார்கள். தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடக் கூடாது என்றதும், பிள்ளைகள் அதையே பேசினார்கள், அதையே கேட்டார்கள், தடை விலகியதும் அதையே எடுத்தார்கள்.

ஆகவே வீட்டுக்கே ஒரு ஏற்பாடு. என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் பொறுப்பு. எண்ணெயை இந்த மாதம் அளந்து பாருங்கள். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். ஐந்து லிட்டர் டின் ஒரே மாதத்தில் காலியாகிற வீடுகள் நிறைய. உங்களுடையது எதுவென்று நீங்களே பாருங்கள்.

நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டு வரும்போது என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் எடை ஏறுகிற இடம் அதுதான். பேக்கரி பப்ஸ், கிரீம் பன், முறுக்கு, மேலே ஒரு டம்ளர் மால்ட். அந்த வேளையை மாமியாரிடமே ஒப்படையுங்கள், ஆனால் சுண்டலாக, வேர்க்கடலையாக, கொய்யாவாக. ‘பாட்டி கெடுக்கிறாங்க’ என்று சண்டை போட்டால் பாட்டி மறைத்துக் கொடுப்பார். பாட்டி கையாலேயே சுண்டல் வந்தால் பையன் சாப்பிடுவான்.

அவன் எடையைக் குறைக்க அவசரப்படாதீர்கள். வளருகிற வயது. பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே போதும். அவன் விஷயத்தில் எது சரி என்பதைக் குழந்தை டாக்டர் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்துச் சொல்வார். வீட்டில் யாரும், செல்லமாகக்கூட, ‘குண்டா’ என்று கூப்பிடக் கூடாது. இதை இன்று இன்னும் சிலரிடமும் சொல்லப் போகிறேன் என்று தோன்றுகிறது.

நெல்லை, மூன்று பெண்களின் அப்பா: டாக்டர், மூத்தவளுக்கு 12 வயசு. கழுத்தைச் சுத்திக் கறுப்பா இருக்கு. பீர்க்கங்கா நார் போட்டுத் தேச்சும் போகல. பயத்தமாவு, எலுமிச்சை எல்லாம் பார்த்தாச்சு. பிள்ள கொஞ்சம் பூசினாப்ல இருப்பா.

டாக்டர் இல்லை ஐயா. ஆனால் நல்ல வேளை கேட்டீர்கள். முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. பிடரியில் வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு, அக்குளிலும் இருக்கலாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அளவுக்கு மேல் சுரக்கும்போது தோல் இப்படி ஆகும். எடை கூடிய பிள்ளைகளிடம் சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக வருவது உண்டு. இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சாப்பாட்டு விஷயத்தில், மேலே கோவை அம்மாவுக்குச் சொன்னதுதான், மூன்று பெண்களுக்கும் உங்களுக்கும் சேர்த்து.

சென்னை ஐடி: எந்த ஹெல்த் டிரிங்க் நல்லது மேடம்?

பால். பாக்கெட்டின் பின்பக்கம் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று படியுங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே இணையக் கடைகளிடம் இந்தப் பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் போட்டு விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது.

தூத்துக்குடி: பாப்பாவுக்கு 2 வயசு. போன் காட்டினாத்தான் வாய் திறக்குறா. மிச்சம் வச்சா மனசு கேக்கல, எப்படியாவது ஊட்டிடுறேன்.

வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்வதைப் பாப்பா கேட்கவிடாமல் செய்கிற வேலை இது. முன்பு நிலாவைக் காட்டினோம், இப்போது போன். நிலா பதினைந்து நிமிஷத்தில் அலுத்துவிடும், போன் அலுக்காது. வற்புறுத்தியாவது பலன் உண்டா என்றால், 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ‘சூப்பைக் குடித்து முடி’ என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் குறைவாகக் குடித்ததோடு, அந்த சூப்பைத் திட்டவும் செய்தார்கள். கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. எடை ஏறாமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தஞ்சை, இல்லத்தரசி: நான் ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடுறேன். ரெண்டு வேளைதான். கல்யாணத்தப்ப 52, இப்ப 74. எனக்கே புரியல.

உங்கள் மதியத்தை நானே சொல்லிப் பார்க்கிறேன். காலையில் எல்லோரையும் அனுப்பும்வரை காபி மட்டும். பதினோரு மணிக்குப் பிள்ளை வைத்துப்போன தோசையும் கல்லில் ஊற்றிய கடைசி மாவும், நின்றபடியே. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்றரைக்கு நீங்கள் உட்காரும்போது குழம்பில் காய் இருக்காது, பொரியல் வழித்தாகியிருக்கும், சோறு மட்டும் நிறைய இருக்கும். அதை ரசத்தோடு, வடகத்தோடு முடித்துப் பாத்திரத்தைக் கழுவப் போடுவீர்கள். வீணாகக் கூடாது என்று சாப்பிடுவதெல்லாம் உங்கள் கணக்கில் சாப்பாடாகவே பதிவதில்லை.

இதில் உங்கள் தவறு என்று நான் எதையும் பார்க்கவில்லை. வீட்டின் பழக்கம் பெண்ணின் உடம்பில் சேருகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான். சமைத்ததும் உங்கள் பங்குக் காயையும் பருப்பையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். முடிந்தால் எல்லோரோடும் உட்காருங்கள். மீந்தது ஃப்ரிட்ஜுக்கோ மாட்டுக்கோ போகட்டும், உங்கள் வயிறு அதற்கான இடம் இல்லை. தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதற்கு டாக்டர்.

திருப்பூர்: அரிசியா சப்பாத்தியா மேடம்?

எதுவானாலும் அளவும், கூடத் தொட்டுக்கொள்வதும்தான் கணக்கு. அடுத்து.

மதுரை மருமகள்: என் வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, சால்னா பார்சல் வாங்கிட்டு வருவார். நான் மட்டும் கட்டுப்பாடா இருந்தாப் போதுமா?

கஷ்டம். மணக்க மணக்கப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடிக்க எல்லோராலும் முடியாது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊரை மையமாக வைத்து 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்த தரவு ஒன்று உண்டு. கிறிஸ்டாக்கிஸ், ஃபவுலர் இருவரும் அதை அலசி 2007-ல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ பருமனானால் மற்றவர் பருமனாகும் வாய்ப்பு 37 சதவீதம் கூடியது. உடன்பிறந்தவர் என்றால் 40. நண்பர் என்றால் 57! பக்கத்து வீட்டுக்காரரால் எந்த மாற்றமும் இல்லை. பரோட்டாவை வாரம் ஒரு நாள், எட்டு மணிக்கு, இருவரும் சேர்ந்து கடையிலேயே போய்ச் சாப்பிடுவது என்று பேசிப் பாருங்கள். தடை போட்டால் அவர் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

சேலம் வாசகர்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அந்த 57 சதவீதக் கதை அப்பவே அடிபட்டுப் போச்சு. 2008-ல அதே கணக்கைப் போட்டு முகப்பரு, தலைவலி, உயரம்கூட நண்பர்கிட்ட இருந்து ‘தொத்துது’ன்னு காட்டினாங்க. டென்மார்க்ல 540 தத்துப் பிள்ளைகளைப் பார்த்த ஸ்டங்கார்ட் ஆய்வு (1986) இருக்கு. எடை பெத்தவங்களோட ஒத்துப்போச்சு, வளர்த்தவங்களோட ஒத்தே போகல. குடும்பச் சூழல்னு சொல்லி அம்மாக்களைக் குத்தம் சொல்றதை நிறுத்துங்க. எல்லாம் ஜீன்.

வாருங்கள், படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டு ஆய்வுமே உண்மை. ஒரே மாதிரி ஆட்கள்தான் நண்பர்களாகிறார்கள், ஒரே தெருவில் ஒரே கடையில்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே 57-ல் எவ்வளவு நட்பின் வேலை என்று பிரிப்பது கடினம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டென்மார்க்கை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பெற்றவரும் வளர்த்தவரும் இருந்தது ஒரே சின்ன நாட்டில், ஏறக்குறைய ஒரே மாதிரி சந்தைக்கும் சமையலுக்கும் நடுவில். சூழலில் வித்தியாசம் குறைவாக இருந்தால் மிஞ்சுகிற வித்தியாசம் ஜீனாகத்தான் தெரியும். சூழலையே மாற்றினால்? பிமா என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவரைப் பாருங்கள். நெருங்கிய ரத்த உறவு, ஒரு பிரிவு அமெரிக்காவின் அரிசோனாவில், இன்னொன்று மெக்சிகோ மலைப்பகுதியில் விவசாயம் செய்துகொண்டு. 2006-ல் வெளியான கணக்கில் சர்க்கரை நோய் அரிசோனாவில் 38 சதவீதம், மெக்சிகோவில் 7-க்கும் சற்றுக் குறைவு. பருமனிலும் அதே போல் பெரிய இடைவெளி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37. ஐந்து வருடத்தில் எந்த ஜீன் மாறியது?

ஓசூர்: நானும் தங்கச்சியும் ஒரே வீடு, ஒரே சட்டி. அவ நூல் மாதிரி, நான் இப்படி. இதுக்கு என்ன சொல்றீங்க?

இங்கே சேலத்துக்காரர் பக்கம்தான் நியாயம். ஒரே சட்டியில் ஒருவருக்குப் பசி சீக்கிரம் அடங்குகிறது, இன்னொருவருக்கு அடங்குவதில்லை. அதில் ஜீனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் தங்கையைக் காட்டி அக்காவைக் கேலி செய்வது அநியாயம்.

சேலம் வாசகர்: அப்ப நான் சொன்னது சரின்னு ஆயிடுச்சே!

பாதி. ஒரு தெருவில் முதலில் யாருக்கு எடை ஏறும் என்பதை ஜீன் சொல்லும். அந்தத் தெருவில் எத்தனை பேருக்கு ஏறும் என்பதைச் சொல்வது அங்கே என்ன விற்கிறது, எங்கே நடக்க இடம் இருக்கிறது, யார் சமைக்க நேரம் இல்லாமல் வருகிறார்கள் என்பதுதான். அம்மாவைக் குற்றம் சொல்கிறேன் என்பது மட்டும் தப்பு. தஞ்சைக்குச் சொன்ன பதிலை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

நாகர்கோவில்: மகளுக்கு 14 வயசு, டயட் சார்ட்...

முதல் பதில்.

வடசென்னை: நீங்க சொல்ற கொய்யா, காய் எல்லாம் எங்க பட்ஜெட்ல வராது. ரேஷன்ல பாமாயிலும் சர்க்கரையும்தான் வருது. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வர்றோம். பிள்ளைங்க கையில இருவது ரூபா குடுத்துட்டுப் போறோம்.

சேலத்துக்காரரோடு மல்லுக்கட்டியதில் உங்கள் கேள்வி கீழே போய்விட்டது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. இருபது ரூபாய்க்கு உங்கள் தெருவில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளை வாங்கும். அமெரிக்காவில் 1990-களில் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால், உதவி கிடைத்த பெண்களில் கடுமையான பருமனும் சர்க்கரையும் நான்கு சதவீதப் புள்ளிக்கு மேல் குறைந்திருந்தன. டயட் சார்ட் யாரும் கொடுக்கவில்லை, இடம்தான் மாறியது.

நீங்கள் இப்போதைக்கு இடம் மாற முடியாது, ஆகவே முடிந்தது இது. ரேஷன் துவரம் பருப்பை விட்டுவிடாதீர்கள். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் சோற்றோடு சேர்த்தே வேகவைத்து டப்பாவில் வையுங்கள். பிள்ளை வந்ததும் அது முதலில், இருபது ரூபாய் அப்புறம். பாமாயில் பாக்கெட்டைத் தூக்கி ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். சின்னவர்கள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவுத் திட்டமும் சத்துணவும் இருக்கின்றன, அவற்றைத் தவற விடாதீர்கள். அந்த இரண்டு வேளையும் உங்கள் பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு.

இன்னொன்று. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி வந்துவிட்டது. வாசலில் போய் நின்று பாருங்கள், சிரிப்பு வரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகராது, நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் நகரும்.

பெயர் வேண்டாம்: எடை குறைக்கிற ஊசி போட்டுக்கலாமா டாக்டர்?

டாக்டரிடம் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை.

ஈரோடு: என் பொண்ணு கொழுக்மொழுக்னு இருக்கா, வீட்ல எல்லாரும் ‘பூசணி’ன்னு...

கூப்பிடாதீர்கள். சார்ட்டுக்கு முதல் பதில்.

திண்டுக்கல்: கடைசியா ஒண்ணு மேடம். நாளைக்குப் பையன் பிறந்தநாள். கிளாஸ்ல எல்லாருக்கும் சாக்லேட் குடுக்கணும்னு அடம். நாப்பது பிள்ளைங்க. வேற என்ன குடுத்தனுப்பலாம்?

பென்சில். வருஷத்துக்கு நாற்பது பிறந்தநாள், நாற்பது சாக்லேட் என்று மற்ற அம்மாக்களிடமும் சொல்லிவையுங்கள். எட்டு மணி ஆகிவிட்டது, வருகிறேன்.