கணினிக் கேள்வி – பதில்: ஒட்டிக்கொள்ளும் டாட் டிஎக்ஸ்டி

கேள்வி: எந்த இணையதளப் பெயருக்கு எந்த முகவரி என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் புதிதாக எழுதி, அது இருக்க வேண்டிய ஃபோல்டரிலேயே சேமித்தேன். மாற்றம் எதுவும் வேலை செய்யவில்லை. பார்த்தால், பழைய ஃபைலும் அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எப்படி இருக்கும்?

பதில்: இருக்காது. புதியதன் முழுப்பெயர் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. பெயரில் எக்ஸ்டென்ஷன் (கடைசிப் புள்ளிக்குப் பின் ஃபைலின் வகையைச் சொல்லும் எழுத்துகள்) இல்லாவிட்டால் நோட்பேட் தானாகவே டிஎக்ஸ்டியைச் சேர்த்துவிடும். விண்டோஸோ தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களைக் காட்டாமல் மறைத்துவைக்கும். சேர்ப்பது ஒருவர், மறைப்பது இன்னொருவர். அதனால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் மறைப்பை நீக்குங்கள். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-ல் வியூ பட்டையிலேயே அதற்கு டிக் பெட்டி இருக்கிறது. இந்த வேலைக்காக மட்டுமல்ல, எப்போதுமே அதை டிக் செய்துவைப்பது நல்லது. படம் போலப் பெயர் வைத்துக்கொண்டு வரும் இஎக்ஸ்இ ஃபைலையும் அப்போது அடையாளம் காணலாம்.

இனி சேமிக்கும் முறை. சேவ் ஆஸ் பெட்டியில் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்யுங்கள். குறிகள் பெயரில் சேராது; உள்ளே இருப்பது அப்படியே பெயராகும். கீழே 'சேவ் ஆஸ் டைப்' என்ற இடத்தில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினாலும் போதும். வேர்டிலிருந்து பெயரைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். அங்குள்ள வளைந்த மேற்கோள் குறியை விண்டோஸ் சாதாரண எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பெயரோடு அதுவும் சேர்ந்துவிடும்.

ஹோஸ்ட்ஸுக்கு இன்னொரு தடையும் உண்டு. அது இருப்பது விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போகும் ஃபோல்டரில். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காவிட்டால், அனுமதி இல்லை, டாக்குமென்ட்ஸில் சேமிக்கவா என்று கேட்கும். 'யெஸ்' கொடுத்தால் ஃபைல் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே உள்ள ஹோஸ்ட்ஸையே திறந்து, திருத்தி, கன்ட்ரோல் எஸ் கொடுப்பதுதான் சுருக்கமான வழி. பெயர்ப் பிரச்சினையே எழாது. திறக்கும் பெட்டியில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால்தான் அது கண்ணில் படும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் இல்லாத ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) விண்டோஸில் எழுதி லினக்ஸுக்கு மாற்றினேன். 'பேட் இன்டர்பிரட்டர்' என்கிறது. எக்ஸ்டென்ஷன் வைக்காததால்தானா?

பதில்: இல்லை. லினக்ஸ் எக்ஸ்டென்ஷனைப் பார்ப்பதில்லை, #! என்று தொடங்கும் முதல் வரியைப் படித்து, எந்த புரோகிராமிடம் ஸ்கிரிப்டைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. விண்டோஸ் எடிட்டர்கள் வரி முடிவில் வழக்கமாக சிஆர், எல்எஃப் என இரண்டு குறிகள் வைக்கும். லினக்ஸுக்கு எல்எஃப் மட்டும் போதும். மிச்சமுள்ள சிஆர் புரோகிராமின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், அப்படியொரு புரோகிராம் இல்லை என்றாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறி என்பதால் எத்தனை முறை படித்தாலும் பிழை பிடிபடாது.

நோட்பேட் பிளஸ் பிளஸில் எடிட் மெனுவில் ஈஓஎல் கன்வெர்ஷன் போய் யூனிக்ஸ் என்று மாற்றிச் சேமியுங்கள். என்கோடிங்கில் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் சேரும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யுடிஎஃப்-8 இருக்கட்டும்; பிஓஎம் இருந்தால் #! முதல் இடத்தை இழந்துவிடும். லினக்ஸில் சிஎச்மாட் கட்டளையால் இயக்கும் அனுமதி கொடுக்கவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மேக்கின் டெக்ஸ்ட்எடிட்டில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஃபைலை எப்படிச் சேமிப்பது?

பதில்: ஃபார்மேட் மெனுவில் 'மேக் பிளெய்ன் டெக்ஸ்ட்' கொடுத்த பிறகு சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியில், எக்ஸ்டென்ஷன் தராவிட்டால் டிஎக்ஸ்டி போடு என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் படியை விட்டால் எழுத்து வடிவக் குறியீடுகளோடு ஆர்டிஎஃப் ஃபைலாகத்தான் சேமிக்கும். பின்னால் பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது.