சித்திரையிலும் காயாத சுவர்

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. வாசல் பக்கம் புல்தரை போட்டு, தண்ணீர் தெளிக்க மண்ணுக்குள் குழாய் பதித்த பிறகு கூடத்துச் சுவரில் முழங்கால் உயரம் ஓதம் ஏறி உப்பு பூக்கிறது. சித்திரை பிறந்தும் காயவில்லை. கொல்லைப்பக்கச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. அடிக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், இப்போதைக்குப் பெயிண்ட் டப்பாவையே திறக்காதீர்கள். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலே வரும், பழைய வீடுகளில் பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இருக்காது, செங்கல் ஈரத்தை உறிஞ்சும், அதெல்லாம் சரி. ஆனால் வாய்க்கால் வறண்டு கிடக்கிற சித்திரையில், அதுவும் புல்தரைப் பக்கம் மட்டும் ஈரம் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, வீட்டுக்குள் வரும் வால்வை மூடிவிடுங்கள். புல்தரை ஓரத்து வால்வையும் மூடி, தொட்டியடி வால்வை மட்டும் திறந்து வையுங்கள். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் பாருங்கள். 110 செ.மீ. குறுக்களவுள்ள தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினாலே சுமார் 9.5 லிட்டர் போயிருக்கிறது, ஒவ்வொரு நாளும் அது சுவரடிக்குத்தான் போகிறது. மட்டம் இறங்கவில்லையா, அப்போது வால்வுக்கு அப்புறம் உள்ள குழாயில் தண்ணீர் விட்டு நடந்து பாருங்கள். கால் புதைகிற இடம், கோரை மட்டும் பச்சென்று தழைத்திருக்கிற இடம், அங்கே தோண்டுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: தெளிப்பானை மோட்டாரில் நேராக இணைத்திருக்கிறீர்களா? பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கே அழுத்தம் 1 பார்தான், மாடித் தொட்டியில் அதுகூட வராது, தெளிப்பான் சரியாகச் சுற்றாது என்று பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். மோட்டார் ஓடும்போது வால்வைப் பட்டென்று மூடினால் அந்த அதிர்ச்சி முழுக்கப் பசை போட்டு ஒட்டிய மூட்டுகளில்தான் விழும். மோட்டாரை நிறுத்திவிட்டு வால்வை மூடுங்கள்.

ஒழுக்கை அடைத்த பிறகும் அவசரம் வேண்டாம். புல்தரைக்காகக் கொட்டிய மண் பேஸ்மென்ட்டை மூடியிருந்தால் வெட்டி எடுங்கள், சுவரிலிருந்து பத்தடிக்கு அரை அடி சரிவு வெளிப்பக்கமாக இருக்கட்டும். ஊறிப்போன காரையைக் கொத்திவிட்டுச் சுவரைச் சில மாதமாவது காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்பிலேயே பூசுங்கள். சிமென்ட்டும் வாட்டர்ப்ரூஃபும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், அது இன்னும் மேலே ஏறும், முழங்கால் உயரத்தில் நிற்பது இடுப்புக்கு வந்துவிடும்.

கேள்வி: சுவரை ஒட்டி வாழை வைத்துச் சொட்டுநீர் விடலாமா? இடம் வேறு இல்லை.
- வாசகர், மன்னார்குடி

பதில்: சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். உங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், சொட்டுகிற தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக அஸ்திவாரத்துக்கே இறங்கும். நனைந்த பக்கம் மண் உப்பி, காய்ந்த பக்கம் சுருங்கினால் சுவரில் விரிசல் விடும். வேறு இடமே இல்லையென்றால் வாழையை விட்டுவிட்டு, தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள்.