விஎல்சியில் ஓடாத ஒலிக்கோப்பு: டிகோடரை எங்கே எழுதுவது?

வணக்கம். பழைய கணினி விளையாட்டு ஒன்றின் ஒலிக்கோப்புகள் விஎல்சி பிளேயரில் ஓடவில்லை, சி மொழி தெரியும், அவற்றை அவிழ்க்கும் நிரலான டிகோடரை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் விஎல்சியின் மூலநிரலைத் திறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

விஎல்சி பெரும்பாலான ஒலி வடிவங்களைத் தானே அவிழ்ப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல நிரல்தொகுப்பிடம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. எம்பிவி என்ற பிளேயரும் அப்படித்தான். எஃப்எஃப்எம்பெக்கில் சேர்த்தால் ஒரே உழைப்பு பல பிளேயர்களுக்குப் போய்ச்சேரும். விஎல்சியின் கோடெக் (ஒலி வடிவ) பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டிவரலாம், அவ்வளவே.

முதலில் கோப்பை பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது ஏடிபிசிஎம்; ஒலியின் ஒரு மாதிரியை (sample) பெரும்பாலும் 4 பிட்டில் அடக்கும் எளிய முறை. அதன் பல வகைகள் எஃப்எஃப்எம்பெக்கில் ஏற்கெனவே உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றென்றால் டிகோடரே வேண்டாம், கோப்பின் மேலுறையைப் பிரித்து ஒலித்தரவை எடுக்கும் டீமக்சர் போதும்.

டீமக்சரில் வில்லங்கமான இடம், "இது என் கோப்புதானா" என்று மதிப்பெண் போடும் பகுதி. உச்சம் 100. முதல் 2 பைட் பொருந்தியதுமே 100 போட்டால் ஊரார் கோப்பையெல்லாம் அது விழுங்கிவிடும். மாதிரி எண்ணிக்கை, சேனல் எண்ணிக்கை எல்லாம் நம்பும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், சின்ன மாதிரிக் கோப்பு ஒன்றையும் சோதனையையும் சேர்த்தே அனுப்புங்கள். நிரல் வரிகளை உள்தள்ள டேப் வேண்டாம், 4 இடைவெளி. நான் அனுப்பிய முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) திரும்பி வந்ததே அதனால்தான்!

கோப்பின் முதல் 64 பைட்டை இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.